பரீட்சை பிள்ளைக்கா? பாடமுறைக்கா?

நமது நாட்டில் பரீட்சை என்றால் அது பிள்ளைக்கு வைக்கப்படுவது என்றே எல்லோரும் எண்ணிக் கொண்டிருக்கின்றோம். பிள்ளை தேறினால் உபாத்தியாயர் கெட்டிக்காரர், பள்ளிக்கூடம் பேர் போனது, பாடமுறை மேலானது என்று ஆளுக்கொரு பங்காகப் பெருமையைப் பிரித்துக் கொள்ளுகின்றார்கள். பிள்ளை தவறினாலோ, உபாத்தியாயர் மீதும் குற்றமில்லை, புத்தகத்தின் மீதும் குற்றமில்லை, முறையின் மீதும் குற்றமில்லை. குற்றமெல்லாம் அந்தப் பிள்ளையின் தலையெழுத்தின் மீதே போய் விழுகின்றது. "அவன் மண்டையில் களிமண்" என்றும், "அந்த ஜாதிக்குப் படிப்பு ஏறாது" என்றும், "ஆடு மேய்க்கிறவன் வீட்டுக்கு அட்சரம் எதற்கு" என்றும் நூறு ஆண்டுகளுக்கு முன் சொல்லி வந்த வார்த்தைகளை, இன்றைக்கும் புது மெருகு பூசிச் சொல்லுகிறவர்கள் இருக்கத்தான் இருக்கின்றார்கள். ஆனால் அந்தப் பாடமுறையை ஒரு நாளாவது கூண்டில் நிறுத்தி, "நீ தேறினாயா, தவறினாயா?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று நாம் கேட்கின்றோம்.

புதிய பாடமுறைகள் நமக்கு அபூர்வமானவை அல்ல. செயல்வழிக் கற்றல் என்பது 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08 இல் தமிழ்நாடு முழுவதிலுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாய் உட்கார்ந்து, அட்டைகளை எடுத்துத் தத்தம் வேகத்தில் படித்தார்கள். 2022 இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. இனியும் எத்தனையோ வரும், வரவும் வேண்டும். புதியது என்பதற்காக ஒன்றை எதிர்க்கின்றவன் வைதிகன். புதியது என்பதற்காகவே ஒன்றைக் கும்பிடுகின்றவனும் வைதிகனே. அவன் சாமியை மாற்றிக் கொண்டான், அவ்வளவுதான். ஆகவே நமது கேள்வி, முறை புதியதா பழையதா என்பது பற்றியதன்று. "இம்முறையால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டாயிற்று என்பதை எப்படிக் கண்டீர்கள்?" என்பதே நமது கேள்வி.

இதற்கு வழக்கமாக வரும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு விழா நடக்கும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து மேடையில் ஏற்றி வாய்ப்பாடு ஒப்பிக்கச் செய்வார்கள். கூட்டம் கைதட்டும். பிறகு ஒருவர் எழுந்து, "இம்முறை வருவதற்கு முன் சராசரி மார்க்கு இவ்வளவு, வந்த பின் இவ்வளவு, ஆகையால் இது முறையின் வெற்றி" என்று முடிப்பார். முன்பு இப்படி, பின்பு அப்படி, ஆகையால் இதனால்தான் என்னும் இந்த நியாயம் நமக்குப் பழக்கமானதுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பதும் இதே நியாயந்தான். வேண்டிக் கொண்டேன், பிள்ளை பிறந்தது என்பதும் இதே நியாயந்தான். கோயிலில் இந்த நியாயம் செல்லாது என்று மேடை மேடையாய்ப் பேசுகின்ற நாம், பள்ளிக்கூடத்தில் மட்டும் அதைச் செல்ல விடலாமா?

இன்னும் சிலர், இரண்டு பள்ளிக்கூடங்களை ஒப்பிட்டுக் காட்டுவதாகச் சொல்லிப் புறப்படுகின்றார்கள். ஸ்ரீரங்கத்துத் தெருவில் ஒரு பள்ளிக்கூடம். முக்கொம்புப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடம். முன்னதில் புதிய முறை, பின்னதில் பழைய முறை. முன்னதற்கு மார்க்கு அதிகம், ஆகையால் புதிய முறையே சிறந்தது என்பார்கள். அந்தப் பட்டணத்துப் பிள்ளையின் வீட்டில் படித்த தகப்பன், புத்தக அலமாரி, மாலையில் டியூஷன் எல்லாம் இருக்கலாம். கிராமத்துப் பிள்ளையின் தாய் விடியற்காலையில் வாழைத் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகிறவளாகவும், அது தம்பியைத் தூக்கிக் கொண்டே பள்ளிக்கூடம் வருவதாகவும் இருக்கலாம். இவ்விரண்டு பிள்ளைகளின் மார்க்கிலும் உள்ள வித்தியாசம் பாடமுறையின் வித்தியாசமா, வீட்டின் வித்தியாசமா? முறையை நிறுப்பதாகச் சொல்லி, அப்பன் சொத்தை நிறுத்துக் காட்டுவது என்ன நேர்மை?

அப்படியானால் என்னதான் செய்வது? வழி இருக்கின்றது. பிள்ளையை அயலான் பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே பிள்ளையோடு ஒப்பிடுவதுதான் அவ்வழி. முறை தொடங்குமுன் ஒரு மார்க்கு, சில மாதம் நடந்த பின் ஒரு மார்க்கு. இவை இரண்டும் ஒரு ஜோடி. ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் வருகின்ற வித்தியாசமே நமக்கு வேண்டிய சரக்கு. அப்பன் பணக்காரனாய் இருந்தாலும் ஏழையாய் இருந்தாலும், அது முன் மார்க்கிலும் இருக்கின்றது, பின் மார்க்கிலும் இருக்கின்றது. கழிக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகின்றது. இதற்குத்தான் புள்ளியியலில் இணைச் சோதனை என்று பெயர்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இது விளங்கிக் கொள்வதற்காக நாம் கட்டிய கணக்கு. ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகள். கணக்குப் பாடத்தில் 20 மார்க்குக்குப் பரீட்சை.

முன்: 4, 7, 9, 11, 6, 13, 8, 15, 10, 5.
பின்: 7, 9, 13, 12, 10, 14, 11, 14, 12, 8.
வித்தியாசம்: 3, 2, 4, 1, 4, 1, 3, குறைவு 1, 2, 3.

முதலில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாலே போதும். பத்துப் பேரில் ஒன்பது பேர் ஏறியிருக்கின்றார்கள், ஒருவன் இறங்கியிருக்கின்றான். முறையால் ஒரு பயனும் இல்லை என்றால், ஏறுவதும் இறங்குவதும் காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போலத்தான் இருக்க வேண்டும். பத்துத் தடவை சுண்டினால் ஒன்பது தடவையோ பத்துத் தடவையோ தலை விழுவது 1024 இல் 11 தான். அதாவது ஏறக்குறைய 93 இல் ஒன்று. அடுத்து, இன்னும் நுட்பமான கணக்கு. வித்தியாசங்களின் சராசரி 2.2. அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பதை அளப்பது திட்ட விலக்கம். இங்கே அது 1.55. அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.49. இப்போது 2.2 ஐ 0.49 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.5 வருகின்றது. பத்து ஜோடிகளுக்கு இந்த எண் 2.26 ஐத் தாண்டினால், அவ்வளவு வித்தியாசம் வெறும் தற்செயலால் வருவது நூற்றில் ஐந்து தடவைக்கும் குறைவு என்று அட்டவணை கூறுகின்றது. இதே மார்க்குகளை, எது யாருடையது என்று பாராமல் முன் ஒரு குவியலாகவும் பின் ஒரு குவியலாகவும் கொட்டிக் கணக்கிட்டால் வருவது 1.6 தான், அங்கே தாண்ட வேண்டியதோ 2.10. பிள்ளைகளை ஜோடி பிரித்துப் போட்டதனால், இருக்கின்ற முன்னேற்றமே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போயிற்று. நல்ல முறையைக் கெட்டது என்று தள்ளிவிடவும் தப்புக் கணக்கால் முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

இக்கணக்குக்கு வழி செய்தவர் எந்த ரிஷியும் அல்ல. வில்லியம் கோசெட் என்பவர், டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1908 இல் இதை வெளியிட்டபோது தம் பெயரைப் போடாமல் 'ஸ்டூடண்ட்', அதாவது மாணாக்கன், என்று போட்டுக் கொண்டார். பத்து நோயாளிகளுக்குக் கொடுத்த தூக்க மருந்துகளின் கணக்கையே அதில் உதாரணமாகக் காட்டினார். ஒவ்வொரு நோயாளியையும் அவனோடேயே ஒப்பிட்டார். உபாத்தியாயரின் முறையைச் சோதிக்கும் கணக்குக்கு மாணாக்கன் பெயர் அமைந்தது பொருத்தந்தான்.

நிற்க, இக்கணக்கைக் கற்றுக் கொண்ட உடனே, "எண் வந்துவிட்டது, ஆகவே முறை வென்றுவிட்டது" என்று கூத்தாடுகின்றவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்லுவோம். ஜான் அர்புத்நாட் என்பவர் இங்கிலாந்தின் ராணியாயிருந்த ஆனுக்கு வைத்தியராயிருந்தவர். 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகளுக்கு லண்டனில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் கணக்கை எடுத்தார். அத்தனை ஆண்டிலும் ஆண் குழந்தைகளே அதிகம். இது காசு சுண்டுவது போன்ற தற்செயலாக இருக்க முடியாது என்று கணக்கிட்டார், அது சரி. ஆகவே இது கடவுளின் ஏற்பாடு என்று முடித்தார்! தற்செயல் அல்ல என்றால் கடவுள்தானா? ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறப்பது மனித இயற்கை. அதை ஆராய்ந்து காண வேண்டுமே தவிர, நடுவில் கடவுளைக் கொண்டு வந்து உட்கார வைப்பது ஏன்? பள்ளிக்கூடக் கணக்கிலும் இதே புரட்டு நடக்கின்றது. தற்செயல் அல்ல என்று மட்டுமே எண் சொல்லுகின்றது. காரணம் இன்னது என்று அது சொல்லவில்லை. அந்தக் காலியிடத்தில் அவர் கடவுளை உட்கார வைத்தார். இவர்கள் தங்கள் திட்டத்தை உட்கார வைக்கின்றார்கள்.

வேறு காரணம் என்ன இருக்க முடியும் என்றால், நான்கு காரணங்களைச் சொல்லுவோம்.

முதலாவது, பிள்ளை தானாகவே வளருகின்றது. ஆறு மாதத்தில் எந்த முறையாயிருந்தாலும் கொஞ்சமாவது கற்றுக் கொள்ளும். இதற்கு முக்கொம்பையே பார்க்கலாம். மேற்கேயிருந்து ஒன்றாக வருகின்ற காவிரி, அங்கே காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் இரண்டாகப் பிரிகின்றது, நடுவே ஸ்ரீரங்கம். 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை நின்ற இடம் அது. குடகில் மழை கொட்டி வெள்ளம் திறந்துவிடப்பட்டு இரண்டு ஆற்றிலும் தண்ணீர் ஏறியிருக்கின்றது என்று வைத்துக் கொள்ளுங்கள். கொள்ளிடக் கரையில் ஒருவன் தேங்காய் உடைத்து, "என் பூஜையால்தான் இந்த ஆறு நிறைந்தது" என்றால் என்ன கேட்பீர்கள்? "அப்பா, பூஜை செய்யாத காவிரியிலும் அல்லவா ஏறியிருக்கின்றது?" என்றுதானே! பாடமுறைக்கும் அதே கேள்விதான். புதிய முறை நடந்த வகுப்பில் 2.2 மார்க்கு ஏறியதென்றால், அதே காலத்தில் பழைய முறை நடந்த வகுப்பில் எவ்வளவு ஏறிற்று? அங்கேயும் 2 ஏறியிருந்தால், முறையின் பங்கு வெறும் 0.2 தான். அந்த இரண்டாவது ஆற்றைக் காட்டாதவன் கணக்கு முழுக் கணக்காகாது.

இரண்டாவது, காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது தாயத்துக் கட்டுகின்ற தந்திரம். உச்சத்துக்குப் போன காய்ச்சல் பெரும்பாலும் தானே இறங்கும், பெயரோ தாயத்துக்கு. அதுபோல், ஒரு பரீட்சையில் மிகவும் குறைந்த மார்க்கு வாங்கிய பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் புது வகுப்பில் போட்டால், அவர்களில் அன்றைக்குப் பசியாயிருந்தவன், தூக்கமில்லாதவன் எல்லாம் இருப்பான். அடுத்த பரீட்சையில் ஒன்றும் செய்யாமலேயே சற்று ஏறுவான். அந்த ஏற்றத்தையும் வாரிக் கொண்டு போய்த் திட்டத்தின் கணக்கில் எழுதுவது தாயத்து வியாபாரமேயாகும்.

மூன்றாவது, வராத பிள்ளை. ஜோடிக்கு இரண்டு மார்க்கு வேண்டும். இரண்டாம் பரீட்சைக்கு வராதவன் பெயர் கணக்கிலிருந்தே அடிக்கப்படுகின்றது. அவன் யார்? செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவன். தம்பியைப் பார்த்துக் கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண் குழந்தை. முறை பிடிக்காமலோ அடிக்குப் பயந்தோ ஓடிப் போனவன். பிரார்த்தனை பலித்தவன் மொட்டை போட வருகின்றான். பலிக்காதவன் வீட்டிலே இருக்கின்றான். கோயிலில் தலைகளை எண்ணுகிறவன், பலித்தவர்களே உலகம் என்று நினைக்கின்றான். ஆகவே எத்தனை பேருக்கு முன்னேற்றம் என்று கேட்குமுன், எத்தனை பேர் கணக்கில் இல்லை, அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்க வேண்டும்.

நான்காவது, பரீட்சை வைப்பவரும் திருத்துபவரும் யார் என்பது. மேலதிகாரி முன்னேற்றத்தை எதிர்பார்க்கின்றார் என்று தெரிந்த உபாத்தியாயரே தம் வகுப்புக்குத் தாமே கேள்வி போட்டுத் தாமே திருத்தினால், முன்னேற்றம் வராமல் எங்கே போகும்? இதில் உபாத்தியாயரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? சோறு போடுகின்றவன் கேட்கிற கணக்கைத்தான் அவர் எழுத வேண்டியிருக்கின்றது. பூசாரியைக் கேட்டால் சாமிக்குச் சக்தி இல்லையென்பானா?

"லட்சக்கணக்கான பிள்ளைகளைக் கணக்கெடுத்தோம், பொய்யாகுமா?" என்பார்கள். ஆகும். 1930 இல் ஸ்காட்லாந்து தேசத்து லானர்க்ஷயரில் 20,000 பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்குப் பால் கொடுப்பது, பாதிப் பேருக்குக் கொடுப்பதில்லை. யார் அதிகம் வளருகின்றார்கள் என்று பார்ப்பது. பால் பெறுவோரை மாற்றியமைக்க உபாத்தியாயர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அவர்கள் இரக்கத்தால், மெலிந்த ஏழைப் பிள்ளைகள் பால் பெறும் பக்கமாகச் சாயும்படி செய்துவிட்டார்கள் போலும். அன்றியும், குளிர்காலத்தில் ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையும் உடையோடு நிறுத்தார்கள். குளிருக்குக் கனத்த உடை போட வசதியுள்ள பிள்ளைக்குக் கோடையில் உடைக்கனம் குறைந்தது, அந்த உடையே இல்லாத ஏழைப் பிள்ளைக்குக் குறைவதற்கு ஒன்றுமில்லை. அந்த 'மாணாக்கன்' கோசெட் 1931 இல் இதைக் கிழித்துக் காட்டி, ஒரே மாதிரியான இரட்டைப் பிள்ளைகள் ஐம்பது ஜோடி கிடைத்தால் இந்த இருபதாயிரத்தைவிட நம்பத் தகுந்த விடை கிடைக்கும் என்றார். கூட்டம் பெரிதாயிருப்பதால் உண்மை பெரிதாகிவிடாது. அப்படியானால் கும்பமேளாவில்தான் உண்மை இருக்க வேண்டும்.

இதெல்லாம் சீமைக்குத்தான் ஆகும், நமக்கு ஆகுமா என்று யாரும் மலைக்க வேண்டாம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. தன்னார்வலர்கள் மாலை வேளையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவர், தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று சோதித்தார்கள்; பள்ளி திறந்த பின் தொடர்ந்து சோதித்தார்கள்; 2019 இல் அதே கிராமங்களில் அதே வயதிலிருந்த பிள்ளைகளோடும் ஒப்பிட்டார்கள். பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்தது. அந்த மீட்சியில் இத்திட்டத்தின் பங்கு ஏறக்குறைய 24 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். இதை நன்றாகக் கவனியுங்கள். மீட்சி முழுவதும் திட்டத்தாலேயே என்று மேடையில் முழங்கியிருந்தால் உண்மையை நான்கு மடங்காக்கியதாகும். திட்டத்தால் ஒன்றுமே ஆகவில்லை என்று எதிர்க்கட்சிக்காரர் சொல்லியிருந்தால் கால் பங்கு உண்மையைக் குழியில் போட்டதாகும். வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளே அதில் அதிகமாகச் சேர்ந்தார்கள் என்பதும் அளந்ததனால்தான் தெரிந்தது. அளந்ததனால் திட்டத்துக்கு அவமானம் வந்ததா? அதன் யோக்கியதை அல்லவா ருஜுவாயிற்று!

இனி, இக்கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1953 இல் ராஜாஜி, சென்னை மாகாணத்துக் கிராமப் பள்ளிகளுக்கெல்லாம், பாதி நாள் படிப்பு, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டு வந்தார். நாடு அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தது. 1954 இல் காமராசர் ஆட்சியில் அது எடுத்தெறியப்பட்டது. அப்போது யாராவது வந்து, "ஜோடிக் கணக்குப் போட்டுப் பார்த்தோம், மார்க்கு குறையவில்லை" என்று சொல்லியிருந்தால் நாம் ஒத்துக் கொண்டிருப்போமா? ஒருக்காலும் இல்லை. அம்பட்டன் மகன் கணக்கில் எத்தனை மார்க்கு வாங்கினான் என்று எண் சொல்லும். அவன் அப்பனுடைய கத்தியைத்தான் பிடிக்க வேண்டுமா என்று எண் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது மானமும் சமத்துவமும். ஒரு முறை நியாயமானதா என்று முதலில் கேட்க வேண்டும். நியாயமானதென்றால், பலிக்கின்றதா என்று பிறகு அளக்க வேண்டும். நியாயமற்றதை மார்க்கைக் காட்டி நுழைப்பதும் அயோக்கியத்தனம். நியாயமானதை அளக்காமல் விட்டு ஏழைப் பிள்ளையின் ஆண்டுகளைப் பாழாக்குவதும் அயோக்கியத்தனமே. பணக்காரப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கைவிட்டால் டியூஷன் இருக்கின்றது. ஏழைப் பிள்ளைக்கு அந்த ஒரு வகுப்பை விட்டால் வேறென்ன இருக்கின்றது? ஆகவே பலிக்காத முறையின் நஷ்டம் முழுவதும் அவன் தலையில்தான் விழுகின்றது.

ஆதலால் தோழர்களே! 2009 ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கின்றது. அதில் பெற்றோர்களே பெரும்பான்மை. கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருவதற்காக அந்த உரிமை வரவில்லை. புதிய முறை எது வந்தாலும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்: தொடங்குமுன் பிள்ளைகளைச் சோதித்தீர்களா? அதே பிள்ளைகளையே பின்னும் சோதித்தீர்களா? இம்முறை நடக்காத பள்ளியில் அதே காலத்தில் எவ்வளவு ஏறிற்று? இரண்டாம் பரீட்சைக்கு வராத பிள்ளைகள் யார்? வேறு பள்ளி உபாத்தியாயர் திருத்தினாரா? இவற்றைக் கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

கேட்டால் அதிகாரிகள் கோபிப்பார்களே என்று சிலர் தயங்கக் கூடும். எங்கும் நிறைந்த சாமியையே "நீ இருக்கின்றாயா?" என்று கேட்கத் துணிந்த நாம், ஒரு சுற்றறிக்கையைப் பார்த்து "நீ பலித்தாயா?" என்று கேட்க ஏன் அஞ்ச வேண்டும்? பிள்ளைக்கு வருஷந்தோறும் பரீட்சை வைக்கின்றவர்கள், தங்கள் முறைக்கு ஒரு பரீட்சை வைக்கட்டும். அதில் தேறிய முறை நம் பிள்ளைகளுக்கு வரட்டும். தவறிய முறை வீட்டுக்குப் போகட்டும். அதுவரையில் "உன் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்லை.